பூட்டிய விளையாட்டு அறை, செல்லாத வவுச்சர்: கப்பல் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். பொள்ளாச்சியில் குடியிருக்கிறோம். கணவர் தென்னை நார் மில் நடத்துகிறார். 2022 ஜனவரியில் ஆறு வயது மகன், மூன்று வயது மகள், மாமியார் என ஐந்து பேராக மும்பையிலிருந்து சொகுசுக் கப்பலில் போனோம். கோவை ஏஜென்ட் ஒருவர் மூலம் மில் கணக்கிலிருந்து ரூ.1,84,000 கட்டினோம். கப்பலில் ஏறிப் பார்த்தால் விளையாட்டு அறைக்குப் பூட்டு, நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. கோவாவில் இறங்கவே விடவில்லை. ஜன்னல் அறைக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஜன்னலே இல்லாத அறையைக் கொடுத்தார்கள். யாருக்கோ கொரோனா என்று கடைசி ஒன்றரை நாள் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. சின்னவளுக்குப் பால் கேட்டால் மூன்று மணி நேரம் கழித்துப் பேப்பர் கப்பில் ஆறிப்போய் வந்தது. புகார் சொன்னதும் ரூ.92,000-க்கு வவுச்சர் அனுப்பினார்கள். இரண்டு முறை கெடுவை நீட்டித்து, 2025 மார்ச் வரை செல்லும் என்றார்கள். அந்தப் பிப்ரவரியில் பதிவு செய்யப் போனபோது, 'பழைய திட்டம், இனி செல்லாது' என்று மெயில் வந்தது. ஏஜென்ட்டோ, "கம்பெனிகாரங்கதாங்க சொல்லோணும், நான் என்னங்க பண்றது" என்கிறார். பத்து லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. வழக்குப் போடலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற வழக்கு வேறு, கையில் இருக்கிற வழக்கு வேறு.

பயணம் கெட்டுப்போனதற்கான வழக்கை முதலில் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். கொரோனாவுக்காக 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால், உங்களுக்கு நாள் எண்ணத் தொடங்குவது 1.3.2022-லிருந்து. அப்படிப் பார்த்தாலும் 2024 பிப்ரவரியோடு கெடு முடிந்துவிட்டது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை நுகர்வோர் ஆணையம் மன்னிக்கலாம். 'வவுச்சரை நீட்டித்துக்கொண்டே போனார்கள், நம்பிக் காத்திருந்தோம்' என்று ஒரு மனுப் போடலாம்தான். ஆனால் எதிர்தரப்போடு பேசிக்கொண்டிருந்தோம் என்பதற்காக மட்டும் காலவரம்பு நின்றுவிடாது. எனவே இதை மட்டும் நம்பிக் கோவைக்குப் பஸ் ஏற வேண்டாம்.

வவுச்சரின் கதை வேறு. அதை மறுத்தது 2025 பிப்ரவரியில், அதுவும் எழுத்தில். அந்த மறுப்பே தனியான சேவைக் குறைபாடு. அதற்கு 2027 பிப்ரவரி வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.

கம்பெனி என்ன சொல்லும் என்று இப்போதே சொல்லிவிடலாம். 'பெருந்தொற்று எங்கள் கைமீறியது, அரசு விதிப்படி நடந்தோம், அதையும் மீறி நல்லெண்ணத்தில் வவுச்சர் கொடுத்தோம், முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்று நீங்கள் டிக் அடித்திருக்கிறீர்கள்' என்பார்கள். டிக் அடித்திருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள், மறைக்க வேண்டாம். அது உங்களுக்குத்தான் சாதகம். பாக்கியெல்லாம் வவுச்சரோடு தீர்ந்துவிட்டது என்கிறவர்கள், அந்த வவுச்சரே செல்லாது என்று அதே வாயால் எப்படிச் சொல்வார்கள்? உங்கள் புகாரின் முதல் பக்கத்திலேயே இது இருக்க வேண்டும்.

கோவாவில் இறங்கவிடாததையும் அறைக்குள் அடைத்ததையும் பெரிதாக எழுத வேண்டாம். தொற்றுக்கால விதி என்றால் ஆணையம் அவர்கள் பக்கம்தான் சாயும். ஜன்னல் அறைக்குப் பணம் வாங்கிவிட்டு மாற்றிக் கொடுத்ததைக் கொரோனாவின் தலையில் கட்ட முடியாது. விளையாட்டு அறை பூட்டியிருப்பது தெரிந்தே பணம் வாங்கியிருந்தால் அதுவும் அப்படியே. வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடு என்றே சட்டத்தின் 2(11) பிரிவு சொல்கிறது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் 'குழந்தைகள் அறை உண்டு' என்று எழுதியிருந்தால் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பில் அவர் பெயரில் இருந்தால் அவரையும் இரண்டாம் எதிர்தரப்பினராகச் சேர்த்துவிடுங்கள். 'நான் என்னங்க பண்றது' என்பதை ஆணையத்தில் வந்து சொல்லட்டும்.

அப்புறம் மில் கணக்கு. கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உறுத்துவது அதுதான். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோரே அல்ல என்கிறது சட்டம். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது என்பது முக்கியமல்ல, எதற்காக வாங்கினீர்கள் என்பதே முக்கியம் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. மாமியாரையும் மூன்று வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு யாரும் நார் விற்கக் கப்பலேற மாட்டார்கள், அது சரி. ஆனால் மில்லின் கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகை 'வியாபார மேம்பாட்டுச் செலவு' என்று ஏறியிருந்தால்? எதிர்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். கணவரின் சொந்தக் கணக்கில் எடுத்த பணமாக எழுதியிருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் என்னைப் பார்ப்பதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

பத்து லட்சமா? வேண்டாம் சகோதரி. ஏமாற்றத்துக்கும் பணமதிப்பு உண்டு என்பது சட்டத்துக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் ஜார்விஸ் என்ற வக்கீல், சுவிட்சர்லாந்து பனிச்சறுக்குச் சுற்றுலாவுக்கு 63 பவுண்டு சொச்சம் கட்டிப் போனார். இரண்டாவது வாரம் அந்த விடுதியில் அவர் ஒருவர்தான் விருந்தாளி. யோடல் என்ற ஆல்ப்ஸ் மலை நாட்டுப்பாட்டுக் கச்சேரி என்றார்கள், உள்ளூர்க்காரர் ஒருவர் வேலை உடுப்போடு வந்து நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போய்விட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 125 பவுண்டு கொடுக்கச் சொன்னது. அதாவது கட்டிய பணத்தைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். நம் ஆணையங்களும் மன உளைச்சலுக்கு இழப்பீடு தருகின்றன, ஆனால் அளந்துதான் தருவார்கள். ரூ.92,000, அதற்கு மறுத்த நாளிலிருந்து வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். தொகையை ஊதிப் பெருக்கினால் உண்மையான குறையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

'தகராறு எதுவானாலும் மும்பை நீதிமன்றத்தில்தான்' என்று டிக்கெட்டில் அச்சடித்திருப்பார்கள். பயப்பட வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்று 34-ஆவது பிரிவு சொல்கிறது, ஆகவே கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இதைச் சொன்னதற்கு எங்கள் ஆட்கள் என்னைத் திட்டினால் திட்டட்டும்.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், சில கம்பெனிகள் அதிலேயே வழிக்கு வந்துவிடும். கூடவே 15 நாள் கெடு வைத்துக் கம்பெனிக்கும் ஏஜென்ட்டுக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வவுச்சர், கெடு நீட்டித்த இரண்டு மெயில், கடைசி மறுப்பு மெயில் ஆகியவற்றின் நகலை அதில் இணையுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தாக்கல் செய்துவிடலாம், 2027 வரை இழுக்க வேண்டாம்.