வாசகர் கேள்வி – பதில்: நம் திண்ணையில் அண்டைத் தீவின் விளம்பரம்

கேள்வி: சென்னையிலிருந்து மும்பை வழியாக ஊர் திரும்பினேன். நம் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்ற இடத்தில், ரீயூனியன் தீவின் சுற்றுலா விளம்பரம் ஒன்று சுவரை நிறைத்திருந்தது. கரும்பாறைக்கு நடுவே செந்நிற எரிமலைக் குழம்பு. ஓரத்தில் எறும்பளவில் ஒரு மனிதன். மொரிசியஸுக்கு வந்திறங்கும் விருந்தாளியை, அவர் பெட்டியை எடுக்கும் முன்பே பக்கத்து வீட்டுக்குப் போகச் சொல்வது என்ன நியாயம்? நம் நாட்டுக்கே சொந்தமான ரோட்ரிக்ஸ் தீவின் படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.
– வாசகர் ஒருவர், ரோஸ் ஹில்

பதில்: கல்யாண வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்காரர் தம் வீட்டுப் பந்திக்குப் பலகை வைத்ததைப் போல உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் விமான நிலையச் சுவர் வாடகைக்கு விடப்படுகிற இடம். பெட்டி வரும்வரை நகர வழியில்லாமல் நிற்பவர்களின் எதிரே இருக்கிற சுவரை எந்த விளம்பரக்காரரும் விரும்பித்தான் கேட்பார். அந்த வாடகைப் பணம் நம் நாட்டில்தான் தங்குகிறது.

அவர்கள் ஏன் இங்கே வந்து விளம்பரம் செய்கிறார்கள் என்பதே கவனிக்க வேண்டிய விஷயம். ரீயூனியன் 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம்; அங்கே வரும் பயணிகளில் பெரும்பாலோர் பிரான்ஸிலிருந்தே வருகிறார்கள், அவர்களுக்கு நேர் விமானமும் இருக்கிறது. துபாய், மும்பை, ஜோஹன்னஸ்பர்க் என்று வேறு திசைகளிலிருந்து வருகிறவர்களோ பெரும்பாலும் முதலில் நம் மண்ணில்தான் கால் வைக்கிறார்கள். இங்கிருந்து ரீயூனியனுக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பறப்புதான் என்பதால், பிரான்ஸைத் தொடாமல் வருகிற பயணிக்கு நம் விமான நிலையமே அவர்கள் வீட்டுத் திண்ணை. அந்தத் திண்ணையில்தான் அவர்கள் படத்தை மாட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் பார்த்த படத்தில் கடற்கரை இல்லை என்பதையும் கவனியுங்கள். 2011 முதல் சுறாத் தாக்குதல்கள் அடுத்தடுத்து நேர்ந்ததால், பவளத்திட்டுக்கு உட்பட்ட நீரிலும் குறிப்பிட்ட சில இடங்களிலும் தவிர மற்றப் பகுதிகளில் குளிப்பதையும் அலைச்சறுக்கையும் 2013-இல் அங்கே தடை செய்தார்கள். எனவே அவர்கள் விற்பது மலையை. நம் நாட்டின் மிக உயரமான சிகரம் 828 மீட்டர்தான். அங்கே பித்தோன் தே நேஜ் 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. அடிக்கடி குழம்பு கக்கும் எரிமலையான பித்தோன் தெ லா ஃபூர்னேஸின் உயரம் 2,632 மீட்டர். மஃபாத் என்ற பள்ளத்தாக்கில் சாலையே கிடையாது. அங்குள்ள ஊர்களுக்கு நடந்து போக வேண்டும், இல்லையேல் ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும். இந்த மலைப்பகுதியை யுனெஸ்கோ 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெள்ளை மணலுக்காகப் பத்து நாள் விடுமுறையில் இங்கே வந்தவர் இந்தப் படத்தைப் பார்த்து இரண்டு இரவுகளை அங்கே கழிக்கலாம். ஊர் திரும்பும் விமானம் இங்கிருந்துதான் என்றால் மறுபடி நம்மிடமே வந்தாக வேண்டும். அந்த இரண்டு இரவுகள் நம் ஓட்டல்களுக்கு நட்டம் என்பதை மறுக்கவில்லை. இரண்டு தீவுகளையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பதற்காகவே வருகிறவர்களும் உண்டு என்பதால் அதைப் பெரிய நட்டமாக நான் எண்ணவில்லை.

(அவர்கள் தம் தீவுக்குப் பிரெஞ்சில் வைத்துக்கொண்ட அடைமொழியைத் தமிழில் சொன்னால் 'தீவிரமான தீவு' என்று வரும். பிரெஞ்சில் இல்லாத மோனை நமக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.)

ரோட்ரிக்ஸைப் பற்றிய உங்கள் குறையை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி, 108 சதுர கிலோமீட்டரில் நம் சொந்தத் தீவு ஒன்று இருப்பது வந்திறங்கும் பலருக்குத் தெரியாது. அண்டை வீட்டார் காசு கொடுத்துப் படம் மாட்டுகிற சுவரில் நம் பிள்ளையின் படத்துக்கு நாமே இடம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: ரீயூனியன்காரர்கள் நம் நாட்டுக்கு வருகிறார்களா, அல்லது இது ஒருவழிப் பாதையா?
– வாசகி ஒருவர், குயூர்பிப்

பதில்: தாராளமாக வருகிறார்கள். நம் சுற்றுலாப் பயணிகள் கணக்கில் பிரான்ஸுடன் ரீயூனியனும் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. பள்ளி விடுமுறை நாட்களில் கிராண்ட் பே கடைத்தெருவில் நின்று பிரெஞ்சிலிருந்து கிளைத்த பேச்சுமொழியான அவர்களுடைய கிரியோலைக் கேளுங்கள். நம் கிரியோலிலிருந்து அது எங்கே பிரிகிறது என்று இரண்டே வாக்கியங்களில் தெரிந்துவிடும்.

கேள்வி: எரிமலையை விட்டால், தமிழர் ஒருவர் அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகர் ஒருவர், போர்ட் லூயிஸ்

பதில்: எந்த விளம்பரமும் சொல்லாத பகுதி இதுதான். நம் முன்னோரைப் போலவே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள் அங்கே பெருந்தொகையாக இருக்கிறார்கள். பெரும்பாலோருடைய வேர் தமிழ்நாட்டில் இருந்தும், அவர்களுக்கு அங்கே 'மலபார்' என்றே பெயர். முத்துசாமியும் ராமசாமியும் நம் ஊரில் போலவே பிரெஞ்சு எழுத்தில் உருமாறிக் கடைப் பலகைகளில் நிற்பார்கள். சேன்-ஆந்த்ரே ஊரில் கொலோஸ் கோயிலைப் பாருங்கள். வண்ணக் கோபுரத்தைப் பின்னணியில் நிற்கும் கரும்புக் காட்டோடு சேர்த்துப் பார்க்கும்போது, விமானம் ஏறி வந்தோம் என்பதே மறந்துபோகும். தீமிதி பல கோயில்களில் வெவ்வேறு நாட்களில் நடப்பதால், அதைக் காண விரும்பினால் கோயிலுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதித் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பிரெஞ்சிலேயே எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கும் நம்மைப் போலச் சிலர்தான்.