தோட்டத்தில் பார்த்த அலங்கு குட்டியா, வளர்ந்ததா?

கேள்வி: எங்கள் தோட்டம் திண்டுக்கல் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. போன வாரம் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனபோது வரப்பில் ஓர் அலங்கை, அதாவது உடம்பெல்லாம் செதில் உள்ள எறும்புத்தின்னியைப் பார்த்தேன். வாலோடு சேர்த்து இரண்டடி இருக்கும். நாய் குரைத்ததும் பந்தாகச் சுருண்டுவிட்டது. பக்கத்தில் புதிதாக ஒரு வளையும் இருக்கிறது. போனில் தேடினால் ‘சின்ன எறும்புத்தின்னி, கால் கிலோதான் வளரும்’ என்று வருகிறது. அப்படியானால் நான் பார்த்தது வயதானதா? எத்தனை வருஷம் வாழும், எத்தனை குட்டி போடும்? பிடித்து இரண்டு வருஷம் வளர்த்தால் லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று ஊரில் ஒருவர் சொல்கிறார்.

பதில்: நீங்கள் பார்த்தது குட்டி. பிறந்து சில மாதம் ஆகியிருக்கும். அதன் தாய் அந்த வளைக்குள்ளேயே இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் நாயைக் கட்டிப் போடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

போனில் நீங்கள் படித்தது வேறு விலங்கு. நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மரத்தின் மேலேயே வாழ்கிற, பட்டு போன்ற மயிர் உள்ள எறும்புத்தின்னி அது. உடம்பு ஒரு சாண், வால் ஒரு சாண், எடை 400 கிராமைத் தாண்டாது. தேவாங்கு மாதிரி மெதுவாக நகரும். நம் அலங்குக்கும் அதற்கும் சொந்தமே கிடையாது. இரண்டும் எறும்பு தின்பதால் தமிழில் ஒரே பெயர் விழுந்துவிட்டது. அந்தக் கணக்கை இதற்குப் போட்டால் குட்டியைக் கிழடு என்று நினைக்கத்தான் தோன்றும்.

நம் அலங்கு வளர்ந்தால் உடம்பு இரண்டடி, வால் ஒன்றரை அடி, ஆக மூன்றரை அடி வரும். எடை 10 முதல் 16 கிலோ. பிறக்கும்போது சுமார் ஓரடி நீளம், 200 முதல் 400 கிராம் எடை. அப்போது செதில் மெத்தென்று இருக்கும், போகப்போகத்தான் இறுகும். தாய் வெளியே போகும்போது குட்டி அதன் வாலின் அடிப்பகுதியில் குறுக்காகத் தொற்றிக்கொள்ளும். ஆபத்து வந்தால் தாய் குட்டியை வயிற்றோடு அணைத்துச் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளைப் புலிகூடப் பிரிக்கத் திணறும். மனிதனோ அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். அதற்கு இருக்கிற ஒரே பாதுகாப்பே நம்மிடம் அதற்கு வினையாகிறது.

ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான். இரட்டை அபூர்வம். சினைக்காலம் 65 முதல் 70 நாள் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். புவனேசுவரம் அருகே நந்தன்கானன் விலங்குக் காட்சிசாலையில் கூர்ந்து கவனித்தபோது ஐந்து மாதத்துக்கும் மேல் ஆவது தெரிந்தது. ஐந்து மாதம் சுமந்து ஒன்றே ஒன்று பெற்று, அதைச் சில மாதம் முதுகில் தூக்கித் திரிகிற விலங்கு இது. முயல், பன்றி மாதிரி பெருகாது. ஒரு தாய் போனால் அந்த மேட்டுக்காட்டில் மறுபடி அலங்கைப் பார்க்க வருடங்கள் ஆகும். ஆயுளைப் பொறுத்தவரை, அடைத்து வளர்த்த இடத்தில் 19 வருடம் தாண்டி வாழ்ந்ததற்குப் பதிவு இருக்கிறது.

சரி, வளர்த்தால் என்ன என்கிறீர்கள். வளராது, செத்துவிடும். அதற்குப் பல்லே கிடையாது. நீண்ட நாக்கால் எறும்பையும் கறையானையும் வழித்து விழுங்கும். ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். அடைத்து வைத்த பயத்திலேயே இரைப்பையில் புண் வரும், நிமோனியா வரும். நந்தன்கானனில் இதற்கென்றே 2009-ல் ஒரு மையம் தொடங்கினார்கள். மருத்துவர்களை வைத்துக்கொண்டு அவர்களே தடுமாறித்தான் கற்றுக்கொண்டார்கள். கோழிக்கூட்டில் இரண்டு வருஷம் என்று உங்களிடம் சொன்னவர் ஓர் அலங்கையாவது வளர்த்திருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இந்தத் தரகர்கள் பேசுவது ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் போட்டோ கேட்பார்கள். பிறகு “எடை பத்தாது, இன்னும் கொஞ்சம் வளர்க்கணும்” என்பார்கள். பிறகு பார்ட்டி வருகிறது, பரிசோதனைச் செலவுக்கு நீ பாதி போடு என்று உங்கள் பணத்தையே கறப்பார்கள். வாங்க வருகிறவர் பல நேரம் மாறுவேடத்தில் வந்த வனத்துறை அதிகாரியாக இருப்பார். பிடிபடும்போது சாக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உள்ளே போவார். தரகரின் போன் அன்றைக்கே அணைந்துவிடும். செதிலில் மருந்து இருக்கிறது என்பதும் சுத்தப் பொய். அது நம் நகம் எதனால் ஆனதோ அதனாலேயே ஆனது. சீனாவே 2020-ல் தன் மருந்து நூலின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது.

சட்டம் எளிமையானது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அலங்கு முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலே வேட்டை என்றுதான் கணக்கு. மூன்று முதல் ஏழு வருடம் சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். “என் பட்டா நிலத்தில்தானே இருந்தது” என்பதெல்லாம் எடுபடாது.

நான் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு விஷயம் உண்டு. செத்துக் கிடக்கும் அலங்கு. சாலையில் அடிபட்டோ வேலியில் மாட்டியோ கிடந்தால், “நான் கொல்லவில்லையே, செதிலை எடுத்து வைத்தால் என்ன” என்று நினைப்பார்கள். செத்துக் கிடந்தாலும் அது அரசாங்கச் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்துவிட வேண்டும். தெரிவித்தால் குற்றமில்லை. பரணில் நாலு செதில் கிடந்தாலும் தெரிவிக்காவிட்டால் குற்றம். தாத்தா காலத்துச் செதில் என்றாலும் நீங்களாகத் தூக்கி எறியாதீர்கள், விற்காதீர்கள், எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள்.

தகவல் சொல்ல ராத்திரியில் போன் செய்தால் எடுப்பார்களா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. ஏழு வருடம் சிறை என்று எழுதத் தெரிந்த அரசாங்கத்துக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு வனச் சரகத்துக்கு ஓர் ஆளும் ஒரு வண்டியும் ஒதுக்கத் தெரியவில்லை. ஒரு முறை கிணற்றில் விழுந்த அலங்கைப் பற்றித் தகவல் சொன்ன விவசாயியை ஓர் அலுவலகத்தில் அரை நாள் உட்கார வைத்து, அவர்தான் பிடித்தார் என்பது போல விசாரித்தார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தேன். இப்படி நடத்தினால் அடுத்தவன் எதற்குச் சொல்வான்? மீட்ட விலங்கை முப்பது கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு காட்டில் விட்டுவிட்டு வேலை முடிந்தது என்பதும் நடக்கிறது. அதற்கு அங்கே வளையும் தெரியாது, புற்றும் தெரியாது.

உங்கள் அலங்கு அடிபடவில்லை, கிணற்றில் விழவில்லை. அதனால் யாரும் வந்து அதைத் தூக்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் ஊர் வனக்காப்பாளரிடம் வளை இருக்கிற தகவலையும் தரகர் பேசியதையும் மட்டும் சொல்லி வையுங்கள். வளையை மூடாதீர்கள், புகை போடாதீர்கள், அந்த வரப்போரம் கொஞ்ச நாள் தண்ணீர் தேங்க விடாதீர்கள். சோலார் வேலி இருந்தால் தரையை ஒட்டிய கம்பிக்கு மின்சாரத்தை நிறுத்துங்கள். அலங்கு கம்பியில் முட்டியதும் பயந்து அதையே கட்டிக்கொண்டு சுருளும், விடாது, ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் இன்னும் இறுக்கும். தென்னாப்பிரிக்காவில் இப்படி நிறைய செத்திருக்கின்றன. தாயும் குட்டியும் கறையான் தீர்ந்ததும் தானாகவே அடுத்த வளைக்குப் போய்விடும்.