அப்பாவின் பழைய மாத்திரை

*வணக்கம் ஐயா. அப்பாவுக்குச் சில வருடங்களாகப் பார்க்கின்சன் நோய். நானோ துகள்கள் மருந்தைச் சுமந்துகொண்டு மூளையின் தடுப்பைத் தாண்டிவிடும் என்று செய்தியில் படித்தேன். எப்போது வரும்? அதுவரை இப்போதைய மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா? பழைய காலத்து மருந்து என்று அப்பாவும் சலித்துக்கொள்கிறார். — ஆர்.*

அன்புள்ள ஆர்.,

முதலில் திட்டிவிடுகிறேன். மாத்திரையில் நீங்களாகக் கை வைக்கவே கூடாது. அதிலிருக்கும் லெவோடோபா என்ற மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். ஒரு செய்தியைப் படித்துவிட்டு எடுக்கிற முடிவா இது?

அந்தப் பழைய மாத்திரை மூளைக்குள் எப்படிப் போகிறது என்று அப்பாவுக்கு யாராவது சொன்னார்களா? மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளி விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நீங்கள் படித்த தடுப்பு அதுதான். அப்பாவுக்குக் குறைவது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள், ஆனால் அதையே கொடுத்தால் அந்தச் சுவரைத் தாண்டாது. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். அதனால் அமினோ அமிலங்களை உள்ளே ஏற்றிவிடும் புரதம் இதையும் ஏற்றிவிடுகிறது, உள்ளே போனபின்தான் டோபமைனாக மாறுகிறது. கூடவே தரும் கார்பிடோபா மூளைக்குள் போகாது, வெளியிலேயே நின்று லெவோடோபா வழியில் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் காத்திருக்கும் அந்தத் தாண்டல் 1960களிலேயே நடந்துவிட்டது, உங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது!

என் பெரியப்பாவுக்கும் இதே நோய்தான். காலையில் சட்டைப் பொத்தானை ஓட்டைக்குள் நுழைக்க வராது, விரல் துணியிலேயே வழுக்கிக்கொண்டிருக்கும், என்னைப் போட்டுவிடவும் விடமாட்டார். மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் கழுத்துப் பொத்தான் வரை அவரே போட்டுக்கொள்வார். சில மதியங்களில் மட்டும் மாத்திரை கேட்காது. சாப்பாட்டில் புரதம் அதிகமானால், அதிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் அதே வழியில் போட்டிக்கு நிற்கும் என்று மருத்துவர் விளக்கி, மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார். அப்புறம் மதியங்களும் சரியாயின.

சரி, நானோ. 1995இல் யோர்க் க்ரொய்டர் குழுவினர், தானாகத் தடுப்பைத் தாண்டாத டலார்ஜின் என்ற வலிநீக்கியை, பாலிசார்பேட் 80 என்ற சோப்புப் போன்ற பொருள் பூசிய நானோ துகள்களில் ஏற்றிச் சுண்டெலிகளின் மூளையில் வேலை செய்ய வைத்தார்கள். அருமையான வேலை, நான் மதிக்கிறேன். ஆனால் ரத்தத்தில் செலுத்தும் துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன, மூளைக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். எலியில் பலித்ததை மனிதருக்குத் தீர்வு என்று தலைப்புப் போடுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அதைப் படித்துவிட்டுத்தான் உங்களைப் போன்ற நல்ல பிள்ளைகள் கையிலிருக்கும் மருந்தைக் கீழே வைக்கிறீர்கள். எப்போது வரும் என்று யாராவது தேதி சொன்னால் நம்பாதீர்கள்.

மாத்திரை போடும் நேரம், சாப்பிடும் நேரம், கை இறுகும் நேரம் மூன்றையும் இந்த வாரம் முழுக்க ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதை எடுத்துக்கொண்டு அப்பாவோடு நரம்பியல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.