தண்டுவடம் மூளையின் கட்டளையைக் கடத்தும் வெறும் கம்பிதானா?

இல்லை. கம்பி என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் இத்தனை மனக்கசப்பு. நீங்களும் அடிபட்ட ஒருவருக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன்.

விபத்தில் என் தம்பிக்கு நெஞ்சு மட்டத்தில் தண்டுவடம் முற்றிலும் சேதமடைந்தது. முதல் சில வாரங்கள் கால்கள் துவண்டு கிடந்தன. பிறகு ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் முழங்கால் சில்லுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் விசுக்கென்று உதைத்தது. அம்மா அழுதுவிட்டார். கண்ணை மூடிப் படுத்திருந்த தம்பியோ, "தட்டிவிட்டீர்களா?" என்று கேட்டான்.

தட்டியதும் தொடைத் தசை இழுபடுகிறது. அந்தச் செய்தி பின்புற நரம்பு வேர் வழியாகத் தண்டுவடத்துக்குள் போய், அங்கேயே, தசையை அசைக்கும் இயக்க நரம்பணுவைத் தூண்டுகிறது. முன்புற வேர் வழியாகக் கட்டளை வெளியேறுகிறது. மூளையைக் கேட்பதே இல்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழேயும் தண்டுவடம் உயிரோடுதான் இருக்கிறது. அடக்கிவைக்க மேலிருந்து யாரும் இல்லாததால் உதை இன்னும் பலமாகவே வருகிறது.

பின்புறம் உணர்வுக்கு, முன்புறம் இயக்கத்துக்கு என்ற இந்தப் பங்கீடு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. பிறகு மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாளில் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குக் கரு தங்கியதே அப்போது தெரியாது. குழாயின் முன்பக்கத்தை ஒட்டியுள்ள முதுகுநாண் என்ற தண்டு போன்ற கரு உறுப்பிலிருந்து (இது தண்டுவடம் அல்ல) வரும் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதம்தான் அங்குள்ள உயிரணுக்களை இயக்க நரம்பணுக்களாக மாறத் தூண்டுகிறது.

நான் மருத்துவர் அல்ல. எல்லோருக்கும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. தண்டுவடம் பகுதியளவே சேதமானவர்களுக்கு, நினைத்தபடி அசைக்கும் திறன் ஓரளவு திரும்புவதுண்டு. அதை டாக்டர் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் "கால்தான் ஆடுகிறதே, மனது வைத்தால் நடக்கலாம்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன உறவினர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அறிவுரை சொல்ல வருகிறவர்கள், வீல்சேர் நுழையும் அகலத்துக்கு ஒரு கழிப்பறைக் கதவு வைக்கச் சொல்லி எங்காவது வாதாடியிருக்கிறார்களா? புதிதாகக் கட்டும் கட்டடங்களில்கூட இதே கதிதான்.

இன்னொன்று முக்கியம். கால் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுத்தால், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, படுக்கைப்புண் வந்திருக்கிறதா, கால்நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். வலி அவருக்குத் தெரியாது, தண்டுவடத்துக்குத் தெரியும்.