ஒகேனக்கல்லை விட்டால் தருமபுரி டவுனில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர் வேலை மாற்றலாகி தருமபுரிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறதாம். யாரைக் கேட்டாலும் "ஒகேனக்கல் போங்க" என்றே சொல்கிறார்களாம். டவுனுக்குள், அந்தப் பழைய தெருக்களில், விழா, நிகழ்ச்சி என்று எதுவும் கிடையாதா என்று கேட்டிருக்கிறார்.

நிறைய இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லை. தினமும் தாண்டிப் போகிற கோயிலையும் வருஷா வருஷம் இழுக்கிற தேரையும் வெளியூர்க்காரர் வந்து பார்ப்பார் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. நான் குமாரசாமிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறேன். அதனால் நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள், எங்கள் பேட்டை பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் தைப்பூசத் தேருக்கு வாருங்கள். குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தேர். தேர் எல்லா ஊரிலும் உண்டுதான். இங்கே அது நிலையை விட்டுக் கிளம்பும்போது வடம் பிடிப்பவர்கள் பெண்கள் மட்டும். பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து தடி ஊன்றி நடக்கிற கிழவி வரைக்கும் வரிசையாக நிற்பார்கள். ஆண்களுக்கு ஓரத்தில் நிற்கிற வேலை. ஏன் இப்படி என்று விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என் பாட்டியிடம் கேட்டபோது, "புள்ளைய இடுப்புல சுமக்கிறவளுக்குத் தேரு இழுக்கத் தெரியாதா?" என்றாள். அதற்கு மேல் அவளிடம் விளக்கம் வாங்க முடியவில்லை.

நான் முதல் முறை வடம் பிடித்தது ஒன்பதாவது படிக்கும்போது. தேங்காய் நாரில் முறுக்கிய வடம் எவ்வளவு கனம் என்பது கையில் எடுத்தால்தான் தெரியும். என் இரண்டு கைகளும் சேர்ந்து அதைச் சுற்றி வளைக்கவில்லை. இழுப்பதற்கு முன் அம்மா என் உள்ளங்கையில் விபூதியைக் கொட்டித் தேய்த்துவிட்டாள். சாமிக்காக என்று நினைத்தேன். வியர்வையில் வழுக்காமல் இருக்க என்று பிறகுதான் சொன்னாள். முன்னால் இருந்து ஒரு குரல் "அரோகரா" என்றதும் வடம் விறைத்து நிமிர்ந்தது. இழுக்கிறோம், இழுக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கோ பின்னால் மரம் முனகுவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான், காலுக்குக் கீழே தரை நகர்வது போல எல்லாரும் நாலு எட்டு முன்னால் போய்விட்டோம்.

தேர் வரும்போது இருபுறமும் இருக்கிறவர்கள் அதன் மீது உப்பு, மிளகு, பொரி, தானியம் என்று வேண்டிக்கொண்டதை எல்லாம் வாரி வீசுவார்கள். எங்கள் பக்கத்துத் தேர்களுக்கு இது வழக்கம். பார்க்க அழகாக இருக்கும். வடத்தில் நிற்கிறவர்களுக்கு வேறு கதை. கல்லுப்பு கழுத்து வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்கினால் சாயங்காலம் குளிக்கிற வரைக்கும் அரிக்கும். மிளகு காலில் உருளும். படம் எடுக்க வருகிறவர்கள் தேருக்கு மிக அருகே நிற்காமல் இருப்பது கண்ணுக்கும் கேமராவுக்கும் நல்லது.

பத்தாவது படித்த வருஷம் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. தேர் போகிற பாதையில் ஒரு தெருவுக்குப் புதிதாக சிமெண்ட் ரோடு போட்டிருந்தார்கள். போட்டவர் யாரோ, ஓரத்தைச் சரிவாக முடிக்காமல் அப்படியே படிக்கட்டு மாதிரி விட்டுவிட்டார். தேர் திரும்பும்போது முன்சக்கரம் அந்த விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கட்டையை மாற்றி மாற்றி வைத்தார்கள். நெம்பிப் பார்த்தார்கள். கடைசியில் லாரிப் பட்டறையிலிருந்து ஜாக்கி கொண்டுவர ஆள் ஓடியது. வடம் பிடித்த பெண்கள் என்ன செய்வார்கள்? வடத்தைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள், திண்ணையில் உட்காருவது போல.

என் பக்கத்தில் இருந்த அக்கா உழவர் சந்தையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் அப்படியே வடம் பிடிக்க வந்தவர். கட்டைப்பையில் இரண்டு கிலோ மொச்சைக்காய். தை மாதம் எங்கள் ஊரில் மொச்சைக்காய்க் காலம். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அவர் பையை மடியில் வைத்து உரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டார்கள். "எந்தூட்டுப் பொண்ணும்மா நீ?" என்று என்னைக் கேட்ட ஒரு கிழவி, பதிலுக்குக் காத்திராமல் என் கையிலும் ஒரு பிடி திணித்தார். பிதுக்கம்பருப்புக் குழம்புக்குக் கொட்டையை முந்தின நாள் ராத்திரியே ஊறவைக்க வேண்டுமா, வெந்நீர் ஊற்றினால் இரண்டு மணி நேரத்தில் தோல் பிதுங்கிவிடுமா என்று ஒரு வாக்குவாதம். முருகன் அதுவரை வெயிலில் காத்திருந்தார். ஜாக்கி வந்து சக்கரம் தூக்கி, மறுபடி "அரோகரா" கேட்கும்போது பை முழுக்கக் கொட்டை, ரோட்டில் தொலிக் குவியல். தேர் அந்தத் தொலியின் மேல்தான் ஏறிப் போனது.

வீட்டு ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அன்றைக்கு முக்கியமான பொறுப்பு ஒன்று உண்டு, செருப்பு காவல். என் அப்பா ஒரு வீட்டுத் திண்ணையில் அம்மா, அத்தை, சித்தி எல்லாருடைய செருப்பையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அதே மாதிரி நாலைந்து பேர். பானகமும் நீர்மோரும் கொடுக்கிற வீடுகளில் முதல் டம்ளர் வடம் பிடித்தவர்களுக்கு. மிஞ்சினால் திண்ணைக்கு வரும்.

தேர் போகிற தெருக்களில் கரண்ட் இருக்காது, கேபிள் வயரையும் அவிழ்த்துவிடுவார்கள். உள்ளூர்ப் பெண்கள் முந்தின நாளே மாவு அரைத்து வைத்துவிடுவோம். நீங்கள் போன் சார்ஜை வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

சரி, பெண்கள் தேர் இழுக்கிற ஊர் என்று பெருமையாக இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். மனசு கேட்கவில்லை. பெண் குழந்தை வேண்டாம் என்று நினைத்த குடும்பங்கள் அதைக் கொன்றுவிடாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகட்டும் என்று 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள். 2001-ல் அதை விரிவாக்கியபோது சேர்த்த மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. வடத்தில் என் பக்கத்தில் நிற்கிற கிழவிகளைப் பார்க்கும்போது சில சமயம் அது ஞாபகம் வரும். இவர்களில் எத்தனை பேர் வீட்டில் என்னென்ன நடந்ததோ. தேரைப் பற்றிப் பேசும்போது என் அம்மாவுக்கு இந்தப் பேச்சை எடுத்தால் பிடிக்காது.

அடுத்தது கோட்டை. பெயர்தான் கோட்டை, மதில் எதையும் தேட வேண்டாம், கோயிலைப் பாருங்கள். மல்லிகார்ஜுனேசுவரர், கல்யாண காமாட்சி. நுளம்பர் என்ற அரசர்கள் காலத்துக் கோயில், ஆயிரம் வருஷத்துக்கு மேல். சங்க காலத்தில் அதியமான் இருந்த தகடூர் இந்தத் தருமபுரிதான். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான் நெடுமான் அஞ்சி. அம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து, மெதுவாகச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தொங்கும் தூணுக்கு அடியில் துணியோ பேப்பரோ விட்டு எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தூண் எங்கேயும் போகாது. ராமாயணத்தைப் பாருங்கள்.

அங்கேயும் பெண்கள் ராஜ்யம்தான். அம்மன் சன்னதிக்கு ஏறுகிற பதினெட்டுப் படிகளுக்கு அமாவாசை தோறும் பெண்கள் பூஜை செய்வார்கள். ஆடி மாதம் மூன்றாவது வெள்ளியில் வந்தால் சூலினி துர்க்கையை முழு உருவமாகப் பார்க்கலாம், மற்ற நாட்களில் முகம் மட்டும்தான் தெரியும். அன்றைக்குக் கூட்டம் தாங்காது. வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் அமாவாசைக்கே வந்துவிடுங்கள்.

கூத்துப் பார்க்க ஆசை இருந்தால் டவுனை விட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டும். கோடையில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடியத் தெருக்கூத்து. முழுதும் பார்க்க நேரமில்லாதவர்கள் கடைசி நாள் படுகளத்துக்கு மட்டும் போங்கள். தரையில் மண்ணால் ஒரு பெரிய துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். கூத்துக் கட்டியவர்கள் ராத்திரி முழுக்கத் தூங்காத சிவந்த கண்ணோடு வருவார்கள். பீமன் துரியோதனன் தொடையில் அடித்து முடித்ததும்தான் திரௌபதி கூந்தலை முடிவாள். அந்த நேரத்தில் கூட்டத்தில் அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், என் சித்தி உட்பட. வீட்டு டிவியில் அதே கதை வந்தால் சித்தி சேனலை மாற்றிவிடுவாள்.

சாமி, கோயில் எல்லாம் வேண்டாம் என்கிறவர்களுக்கு, மாவட்ட நிர்வாகமும் தகடூர் புத்தகப் பேரவையும் நடத்துகிற புத்தகத் திருவிழா இருக்கிறது. நான் போன தடவை ஸ்டால்களை விட வெளியே சோளம் சுடுகிறவரிடம்தான் கூட்டம் அதிகம் என்று பட்டது. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த சில்லறையோடு வந்து விலை கேட்பதைப் பார்க்கலாம். மழை நாளில் நேரம் போகவில்லை என்றால் நடுகற்கள் சேர்த்து வைத்திருக்கிற அகழ்வைப்பகம் உண்டு. மாடு மீட்கப் போய்ச் செத்தவர்கள், சண்டையில் விழுந்தவர்கள் கல்லில் நிற்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் நடுகற்கள் ஏராளம்.

ஒரு சின்ன உபகதை. 1792-ல் பாரமகால் என்று அப்போது அழைத்த இந்தப் பகுதி கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்கு வந்தபோது, பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ உதவி அதிகாரியாக இங்கே ஏழு வருஷம் இருந்தார். தருமபுரியில் தான் போட்ட தோட்டத்தைப் பற்றி ஆசை ஆசையாகக் கடிதம் எழுதியிருக்கிறார். மாற்றலாகி வந்து ஊரைப் பிடித்துக்கொண்டவர்கள் முன்னாலும் இருந்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

குறைகளும் உண்டு. ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவதில் எங்கள் ஊருக்கு இருக்கிற ஆர்வம் ரோட்டைப் பெருக்குவதில் இல்லை. தேர் முடிந்த மறுநாள் காலையில் தெருவைப் பார்த்தால் டம்ளரும் வாழையிலையும்தான். மாசி, பங்குனியில் ஏதாவது ஒரு பண்டிகைக்குக் கட்டிய ஸ்பீக்கர், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைத் தூங்கவும் விடாது, படிக்கவும் விடாது. என் பன்னிரண்டாவது கணக்கு மார்க்குக்கு இன்றைக்கும் அந்த ஸ்பீக்கரைத்தான் குற்றம் சொல்கிறேன். அம்மா நம்பவில்லை.

எப்போது எது நடக்கும் என்று கூகுளில் தேடினால் பாதிதான் கிடைக்கும். டீக்கடைச் சுவரிலும் மளிகைக் கடைக் கண்ணாடியிலும் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அதை நின்று படியுங்கள். நாள், நேரம், யார் உபயம் என்று எல்லாம் அதில் இருக்கும். உபயதாரர் பெயர்கள்தான் பாதி நோட்டீஸை அடைத்திருக்கும், பொறுமையாகக் கீழே வரை வாருங்கள்.

தைப்பூசத்துக்கு வருவதாக இருந்தால் காரை எடுத்துக்கொண்டு பேட்டைக்குள் நுழையாதீர்கள், திரும்ப எடுக்க முடியாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, போலீஸ் மறிக்கிற இடத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். வீட்டுப் பெண்களை வடத்துக்கு அனுப்புங்கள், உள்ளூரா வெளியூரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நகர்ந்து இடம் விடுவார்கள். நீங்கள் அவர்கள் செருப்பை எடுத்துக்கொண்டு திண்ணைப் பக்கம் வாருங்கள். வெள்ளை வேட்டியில் ஏழெட்டு ஜோடிக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அநேகமாக அவர்தான் என் அப்பா, அவரிடமே விடலாம்.