'சீப்' என்றால் மலிவா, மட்டமா? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

இரண்டும்தான். ஆனால் மட்டம் என்ற பொருள் ரொம்பப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

பழைய ஆங்கிலத்தில் இது பெயர்ச்சொல். வாங்குவது, விற்பது, சந்தை, இதையெல்லாம் குறித்தது. லத்தீனில் சில்லறைக் கடைக்காரருக்கும் சத்திரம் நடத்துபவருக்கும் 'கௌப்போ' என்று பெயர், அதிலிருந்து ஜெர்மானிய மொழிகளுக்குள் போனது என்பார்கள். ஜெர்மன்காரர்கள் வாங்குவதை 'கௌஃபன்' என்பதும், வணிகர் துறைமுகம் என்ற பொருளில் கோபன்ஹேகனுக்குப் பெயர் வந்ததும் இந்தக் குடும்பம்தான். லண்டனில் சீப்சைட் என்று பழைய சந்தைத் தெரு உண்டு. இங்கே பினாங்கு ஜார்ஜ் டவுனில் சூலியா தெருப் பக்கமும் அதே பெயரில் ஒரு சந்து இருக்கிறது, மலிவாகக் கிடைக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள், பெயருக்குப் பொருள் சந்தைப் பக்கம் என்பதே. இங்குள்ள லெபோ பசாரை, அதாவது மலாயில் சந்தைத் தெருவை, நம்மவர்கள் கடைத்தெரு என்பார்களே, அப்படி.

அப்புறம் எப்படி விலையைக் குறிக்க வந்தது? 'குட் சீப்' என்றால் நல்ல பேரம். 16ஆம் நூற்றாண்டில் முன்னால் இருந்த 'குட்' உதிர்ந்து, 'சீப்' தனியாகவே விலை குறைந்தது என்ற பொருளுக்கு வந்துவிட்டது. விலை குறைந்தால் சரக்கும் மட்டமாக இருக்குமோ என்ற சந்தேகம் சேர, சொல்லின் மதிப்பும் இறங்கியது. நம் 'மலிவு' அதைவிட அழகான சொல் என்பேன், மலிதல் என்றால் நிறைதல், பொருள் நிறைந்து கிடக்கிறது, அதனால் விலை இறங்கியிருக்கிறது.

புழக்கத்தில் கவனமாக இருக்க வேண்டியது மனிதர்களிடம். மலாயில் 'முரா' என்றால் மலிவு, 'முரா ஹாத்தி' என்றால் தாராள மனசு. அந்த நினைப்பில் ஆங்கிலத்தில் ஒருவரை 'சீப்' என்று சொல்லிவிட்டால் போச்சு, கஞ்சன் என்றோ கேவலமான ஆள் என்றோதான் எடுத்துக்கொள்வார். இங்கே 'ஜுவாலான் முரா'வை 'சீப் சேல்' என்று கடை வாசலில் எழுதிப் போடுகிறோம், அது யாருக்கும் உறுத்தாது. ஆனால் ஒருவர் ஆசையாக எடுத்து வந்த சேலையைப் பார்த்து 'சீப்பா இருக்கே' என்று சொல்லாதீர்கள், மனசு நோகும். 'ரீசனபிள்' என்றால் போதும். இன்னொன்று, ஆங்கிலத்தில் எழுதும்போது சரக்குதான் 'சீப்', விலைக்கு 'லோ' என்று போடுங்கள்.