நெருப்புப் பவளம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பவளப்பாறைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த ஆசையில்தான் முதன்முறையாக ஸ்நார்கெல் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினேன். கடுகு மஞ்சளில், நுனி மட்டும் வெளுத்த ஒரு பவளக்கிளையில் முன்கை உரசிவிட்டது. சூடு போட்டதுபோல் எரிந்தது. ஒரு வாரமாகியும் அரிப்பு நிற்கவில்லை. கூட வந்தவர், "அது நெருப்புப் பவளம். ஆனால் பவளமே இல்லை" என்றார். அப்படியானால் அது என்ன? ஏன் இப்படிக் கொட்டுகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கை. அரிப்பு சில நாட்கள் நீடிப்பது இதில் வழக்கம்தான். வீக்கம் பரவினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இனி எப்போதாவது பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும், இன்னும் வெடிக்காத கொட்டும் செல்களை இரண்டுமே கிளப்பிவிடும். கடல்நீரால் அலசுவதே நல்லது.

கூட வந்தவர் சொன்னது சரி. பாறை கட்டும் பவளங்கள், பூப்போல் பாறையில் ஒட்டி வாழும் கடல் அனிமோனுக்கு நெருங்கிய உறவு. நீங்கள் உரசியது, பள்ளிக்கூட விலங்கியல் நோட்டில் நாமெல்லாம் வரைந்தோமே, அந்த ஹைட்ராவின் வகுப்பைச் சேர்ந்தது. பெயர் மில்லிபோரா, ஆயிரம் துளை என்று பொருள்.

அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது, இறந்துபோன ஒரு துண்டை லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மற்ற பவளங்களில் நட்சத்திரம்போல் குழிகள் இருக்கும். இதில் வழவழப்பான சுண்ணாம்பில் ஊசி குத்தியதுபோல் துளைகள் மட்டும். கொஞ்சம் பெரிய துளை ஒன்று, அதைச் சுற்றி ஐந்து முதல் ஏழு சின்னத் துளைகள். பெரியதில் குட்டையான ஓர் உயிர். அதற்கு வாய் உண்டு. சுற்றியிருப்பவை மயிரிழைபோல் மெலிந்து நீண்டவை. அவற்றுக்கு வாயே கிடையாது. மிதந்துவரும் நுண்ணுயிர்களைக் கொட்டிப் பிடித்து நடுவில் இருப்பதற்குக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. உண்டது உள்ளே ஓடும் நுண்குழாய்கள் வழியாக எல்லாருக்கும் போய்ச் சேரும். உங்கள் கையைச் சுட்டவை பெரும்பாலும் அந்த வாயில்லாதவைதான்! உங்களை விரட்ட அல்ல. பட்டது எதுவானாலும் செல் வெடித்துவிடும். ஹைட்ராவில் அந்த வேகத்தை அளந்திருக்கிறார்கள்: செல்லுக்குள் இருக்கும் ஊசி பாய்வது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில். கையை இழுத்துக்கொள்ள நமக்கு அவகாசமே இல்லை.

இடம் பிடிக்கவும் இதே ஆயுதம்தான். கரீபியன் கடலில் ஒரு வகை, பக்கத்தில் நிற்கும் கடல் விசிறி என்ற விசிறி வடிவப் பவளத்தைத் தொட்டு, அதன் தசையைக் கொன்று, எஞ்சிய கூட்டின்மேல் படர்ந்து அதே விசிறி வடிவத்தில் வளர்ந்துவிடும். புயலில் கிளை ஒடிந்தால் விழுந்த துண்டு புதிதாக வேர்பிடிக்கும். அப்புறம், இனப்பெருக்கக் காலத்தில் ஜெல்லிமீன் வடிவில் மிகச்சிறிய உயிர்களை நீரில் விடும். அவற்றின் ஆயுள் சில மணி நேரம்தான்.

இத்தனை முரடாக இருந்தும் நீர் சூடேறினால் தாங்காது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். திசுவுக்குள் வாழ்ந்து உணவு தரும் பாசியை இழந்து, மற்றப் பவளங்களைப்போலவே, பல இடங்களில் அவற்றுக்கும் முன்பாகவே வெளுத்துவிடுகிறது. பனாமாவின் பசிபிக் கரையில் 1982-83இல் கடல்நீரைச் சூடாக்கிய எல் நினோவுக்குப் பிறகு ஒரு வகை அடியோடு போய்விட்டதாக நினைத்தார்கள். மில்லிபோரா போஷ்மாய் என்று 1991இல் அதற்குப் பெயர் வைத்ததே, இறந்துபோன ஒன்று என்ற நினைப்பில்தான். 1992இல் உயிரோடு சில அங்கே கிடைத்தன. 1997-98இன் வெப்பம் அவற்றையும் கொண்டுபோனது. அதே கரையில் இன்னொரு வகை சற்று ஆழத்தில் ஒதுங்கிப் பிழைத்து மறுபடி மேலே வந்தது.

பயந்து விட்டுவிடாதீர்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி இறங்குங்கள். ஒரு கை தூரம் தள்ளி, அலை அதன்மேல் தள்ளிவிடாதபடி மிதந்துகொண்டு அந்த மஞ்சள் கிளையின் ஓரத்தைப் பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, பூனைமுடிபோல் ஒரு மெல்லிய ரோமம் தெரியும்.